23-க்கு 13

அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த முதல் ராத்திரி. பத்தரை மணி இருக்கும். ஒரு சிஸ்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அப்பாவின் போர்வையை விலக்கிக் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, அப்பாவை லேசாகச் சாய்த்து, இடுப்புக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் கேள்விகள்.

"தாத்தா, நான் தொடறது தெரியுதா?"

"தெரியுதும்மா."

"நீங்களா கொஞ்சம் நகர முடியுதா?"

"முடிஞ்சா இங்க ஏன் படுத்திருக்கேன்?"

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"அரை இட்லி. அதுவும் இவன் மிரட்டினதால."

தாளில் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண் போட்டார். கீழே கூட்டி 13 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம். நான் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் அப்பன் மாதிரி கேட்டேன். "எத்தனைக்கு சிஸ்டர்?"

"23-க்கு சார்."

அப்பா கண்ணைத் திறக்காமலே, "பாஸா?" என்றார்.

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "18 வந்தாலே நாங்க முழிச்சுக்கணும் தாத்தா. நீங்க 13. மார்க் குறையக் குறைய எங்களுக்கு வேலை ஜாஸ்தி."

அது என்ன பரீட்சை என்று பிறகு விசாரித்தேன். படுத்திருப்பவருக்குப் படுக்கைப் புண் வருமா, எவ்வளவு சீக்கிரம் வரும் என்று முன்கூட்டியே கணிக்கிற பரீட்சை. அமெரிக்காவில் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்று இரண்டு பெண்கள் உருவாக்கி, 1987-ல் வெளியிட்டது. தொடு உணர்வு எப்படி, தோலில் ஈரம் எவ்வளவு, எழுந்து நடக்கிறாரா, படுக்கையில் தானாகப் புரள்கிறாரா, என்ன சாப்பிடுகிறார், மெத்தையில் உடம்பு உராய்கிறதா, சரிகிறதா என்று ஆறு விஷயங்கள். முதல் ஐந்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கடைசிக்கு 1 முதல் 3 வரை. ஆக அதிகபட்சம் 23, குறைந்தபட்சம் 6. பைசா செலவில்லை, ரத்தம் எடுக்க வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். கண்ணும் கையும் ஐந்து நிமிஷமும் போதும்.

அப்பாவுக்கு உணர்வில் 4, ஈரத்தில் 3. நடமாட்டத்தில் 1. புரள்வதில் 2. அரை இட்லிக்கு 2. உராய்வில் 1. மொத்தம் 13.

இந்தப் பதின்மூன்று பிறகு என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

தூங்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டால், ஒன்றும் செய்வதில்லை என்போம். உண்மையில் முக்கியமான ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கிறோம். புரள்கிறோம். மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவே சதை நசுங்குகிறது. அங்கே ரத்தம் போகிற நுண்ணிய குழாய்கள் மூடிக்கொள்கின்றன. சதை பசியில் முனகுகிறது. அந்த முனகல் மூளைக்குப் போய், நம்மை எழுப்பாமலே, உடம்பைத் திருப்பிப் போட்டுவிடுகிறது. காலையில் நமக்கு எதுவும் ஞாபகமில்லை. பக்கத்தில் படுப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

முனகல் மூளைக்குப் போய்ச் சேராவிட்டால்? பக்கவாதமோ, தண்டுவடக் காயமோ, மயக்க மருந்தோ வழியை அடைத்துவிட்டால்? அல்லது அப்பா மாதிரி, முனகல் கேட்டும் திரும்ப முடியாவிட்டால்? சில மணி நேரம் போதும், உள்ளே சதை சாக ஆரம்பித்துவிடும். இடுப்புக்குக் கீழே முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், பின்மண்டை என்று எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடமெல்லாம் ஆபத்து. மேலே தெரிவது சின்ன அடையாளமாக இருக்கும், உள்ளே சேதம் பெரிதாக இருக்கும். முற்றினால் குழியில் எலும்பே தெரியும்.

காசு இருந்தால் வராது என்றும் சொல்ல முடியாது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2004 அக்டோபரில் அவர் இறந்தபோது, சீழ்பிடித்த ஒரு அழுத்தப் புண்ணுக்குச் சிகிச்சையில் இருந்தார்.

*

இந்தப் புண்ணைச் சுற்றி ரொம்ப காலமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இது விதியா, யாரோ ஒருவரின் தவறா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் ஷார்கோ என்ற பெரிய நரம்பியல் மேதை இருந்தார். நரம்பு பாதிக்கப்பட்டதன் விளைவாகவே இந்தப் புண் வருகிறது, அது மரணத்தின் முன்னறிவிப்பு என்பது அவர் கட்சி. அதாவது, நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதே நூற்றாண்டில், 1859-ல், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நர்ஸிங் பற்றி எழுதிய புத்தகத்தில் நேர்மாறாகச் சொன்னார். நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் பழியை நோயின்மேல் போடாதீர்கள், பராமரிப்பின்மேல் போடுங்கள் என்றார்.

மேதைக்கு எதிராக நர்ஸ் சொன்னது நிரூபணமாகப் பல வருஷம் ஆனது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி 1939-ல் இங்கிலாந்து போன லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவருக்கு, 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைக் கொடுத்தார்கள். போரில் முதுகுத்தண்டு உடைந்த சிப்பாய்கள் அங்கே வந்தார்கள். அன்றைய வழக்கப்படி அவர்கள் சாகக் காத்திருப்பவர்கள். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சில மாதங்களில் கதையை முடித்துவிடும். குட்மன் பெரிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பாராமல், ஒவ்வொருவரையும் திருப்பிப் போட வைத்தார். அவர்கள் சாகவில்லை. 1948-ல் அதே ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸ் அங்கே தொடங்கியதுதான். ஒரு உலகப் போட்டியின் வேர், ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரை இன்னொருவர் புரட்டிப் போட்டதில் இருக்கிறது.

சரி, எல்லோரையும் திருப்ப வேண்டும். ஆனால் கைகள் குறைவு, படுக்கைகள் அதிகம். யாரை முதலில்? 1962-ல் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸும் அவருடைய சகாக்களும், வயதானவர்களின் வார்டை ஆராய்ந்து, 20 மதிப்பெண்ணுக்கு ஒரு அளவுகோலை முதன்முதலாகத் தந்தார்கள். அதற்கு அப்புறம் வந்ததுதான் பிரேடன் தாள். எங்கள் சிஸ்டர் அப்பாவின் கட்டிலில் நின்று போட்ட 13, அந்தப் பரம்பரையில் வந்த எண்.

*

சிஸ்டர் போட்டது கணிப்பு. நம் ஊருக்குக் கணிப்பு புதிதல்ல. ஆனால் ஜோசியர் சொன்னது பலித்தால் ஜோசியர் ஜெயித்தார். சிஸ்டர் சொன்னது பலித்தால் சிஸ்டர் தோற்றார். "வரும்" என்று எழுதுவதே வராமல் பண்ணுவதற்காகத்தான். தன் வாக்கு பொய்யாக வேண்டும் என்று ராத்திரி முழுக்க உழைக்கிற ஜோசியரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 13 போட்ட நோயாளிக்குப் புண் வரவில்லை என்றால், அது சிஸ்டர் திருப்பிப் போட்டதாலா, இல்லை எப்படியும் வந்திருக்காதா? யாராலும் சொல்ல முடியாது. வந்த புண்ணைப் போட்டோ எடுக்கலாம். வராத புண்ணை எப்படிப் போட்டோ எடுப்பது? ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் பழக்கூடையும் சால்வையும் கொடுத்தோம். ராத்திரி மூன்று தடவை வந்து அப்பாவைத் திருப்பிவிட்டுப் போன அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தோம் என்று யோசித்தால், ஒன்றுமில்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். இந்தத் தாள்களை நிரப்புவதால் புண்கள் குறைகின்றனவா? உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட முடிவு: அனுபவமுள்ள நர்ஸ் தன் கண்ணாலும் புத்தியாலும் கணிப்பதைவிட, தாளில் மதிப்பெண் போடுவது புண்களைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

முதலில் இதைப் படித்தபோது, பின்னே எதற்கு இந்தக் கணக்கு வழக்கெல்லாம் என்று தோன்றியது. பிறகுதான் உறைத்தது. எண் எந்தப் புண்ணையும் தடுக்காது. தெர்மாமீட்டர் காய்ச்சலை இறக்குகிறதா? ஈரத்தில் 1 வாங்கியவருக்குத் துணி மாற்ற வேண்டும். சாப்பாட்டில் 1 வாங்கியவருக்கு முட்டையோ பருப்போ உள்ளே போக வேண்டும். உராய்வில் 1 வாங்கியவரைத் தரதரவென்று இழுக்காமல், கீழே விரித்த பெட்ஷீட்டோடு இரண்டு பேர் தூக்கி நகர்த்த வேண்டும். மொத்தக் கூட்டலைவிட, எந்தக் கட்டத்தில் குறைந்தது என்பதுதான் சேதி. அந்தச் சேதி கைக்குப் போய்ச் சேராவிட்டால், எண் வெறும் எண்தான்.

எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. எழுதியாகிவிட்டது என்றால், செய்தாகிவிட்டது என்று ஒரு நிம்மதி வந்துவிடும். இதை ஆஸ்பத்திரிகளைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

*

பன்னிரண்டாம் நாள் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். இதயம் பலவீனம். உட்கார வைத்தாலே மூச்சு வாங்கியது. எழுந்து நடக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். ஏர் பெட் வாங்கினேன். அது இருந்தாலும் திருப்பிப் போட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எப்படித் திருப்புவது, கால்களுக்கு நடுவே தலையணை எப்படி வைப்பது, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் கீழே எப்படி அணை கொடுப்பது என்று அம்மாவுக்கும் எனக்கும் செய்தே காட்டியிருந்தார்.

நான் ஆபீஸ்காரன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேரம், இடது, வலது, மல்லாக்க என்று பத்திகள் பிரித்தேன். ஒவ்வொரு தடவை திருப்பியதும் ஒரு டிக். அம்மாவுக்கு 68 வயது. பகல் முழுக்க அவள். ராத்திரி ஒருநாள் விட்டு ஒருநாள் என் முறை. என் முறையில், பத்து மணிக்கு அம்மா திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். பன்னிரண்டு, இரண்டு, நாலு என்னுடையது. ஆறு மணிக்கு மறுபடி அம்மா.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. ஆபீஸில் ஆடிட். வந்து படுக்கும்போதே பதினொன்று. பன்னிரண்டு மணிக்கு அலாரம் அடித்தது ஞாபகம் இருக்கிறது. அணைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது ஐந்து நாற்பது. வாசலில் பால் பாக்கெட் போடுகிற சத்தம்.

எழுந்து அப்பாவைப் பார்த்தேன். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்தேன். பன்னிரண்டு, டிக். இரண்டு, டிக். நாலு, டிக்.

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். "ராத்திரி திருப்பினியாடா?"

"ம்" என்றேன்.

சனிக்கிழமை காலை அம்மா அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தவள், "இங்க வாயேன்" என்றாள். முதுகின் அடியில், எலும்புக்கு மேலே, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு இடம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிவந்திருக்கிறதா பார்க்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நம்முடைய நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? வெளிர்ந்த தோலைப் பார்த்து எழுதிய அடையாளம் அது. கறுத்த தோலில் சுற்றியுள்ள இடத்தைவிட இன்னும் கறுத்தோ, ஊதாவாகவோ இருக்கும். கண்ணைவிடக் கைதான் கண்டுபிடிக்கும். அம்மாவின் உள்ளங்கை கண்டுபிடித்தது. "இங்க மட்டும் சுடுதுடா. கெட்டியா இருக்கு."

மறுநாள் தோல் உரிந்தது. ஆறு வாரம் ஆயிற்று ஆற. டிரஸ்ஸிங் மாற்ற வருகிற நர்ஸ் பிளாஸ்திரியை எடுக்கும்போதெல்லாம் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சீலிங் ஃபேனைப் பார்ப்பார். ஒருநாள் என்னிடம், "மார்க் குறைஞ்சிருச்சா?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

*

அந்த ஒரு ராத்திரியால்தான் புண் வந்ததா? தெரியாது. இதுதான் இந்தப் புண்ணின் கொடுமை. 13 வாங்கிய உடம்பு. மூச்சு வாங்குகிற இதயம். அரை இட்லிச் சாப்பாடு. நான் மூன்று தடவையும் எழுந்திருந்தாலும் வந்திருக்கலாம். அமெரிக்காவில் இதற்கென்றே இருக்கிற நிபுணர் குழு 2010-ல் கூடிப் பேசி, பெரும்பாலான அழுத்தப் புண்களைத் தடுக்க முடியும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல என்று ஒத்துக்கொண்டது. ரத்த ஓட்டமே தடுமாறுகிற நிலையிலும், வாழ்வின் கடைசி நாட்களிலும், எவ்வளவு கவனித்தாலும் தோல் தோற்றுப்போகலாம். நைட்டிங்கேலும் "பெரும்பாலும்" என்றுதான் சொன்னார். வீட்டில் யாருக்காவது இந்தப் புண் வந்து, நாம் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மருகுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புண் வந்த வீடெல்லாம் கவனிக்காத வீடு இல்லை.

அதே குழு 2016-ல் இதன் பெயரையும் மாற்றியது. புண் என்று சொல்லாமல் காயம் என்று சொல்லலாம் என்றது. தோல் உடையாத முதல் கட்டத்தையும் சேர்த்துச் சொல்லத்தான் அந்த மாற்றம். ஆனால் தமிழில் யோசித்தால் வேறு ஒன்று தோன்றுகிறது. புண் தானாக வரும். காயம் என்றால், எப்படிப் பட்டது என்று கேட்கத் தோன்றும்.

திருப்புவது என்பதும் எளிய தர்மம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, இப்போதுதான் கண்ணயர்ந்த மனிதரைப் பிடித்துப் புரட்டுவது கருணையா? "விடுடா, தூங்க விடுடா" என்று அப்பா எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார். சில சமயம் திட்டியும் இருக்கிறார். பிரேடனின் கூட்டாளி பெர்க்ஸ்ட்ராம் தலைமையில் நடந்து 2013-ல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்க, கனடா முதியோர் இல்லங்களில், நல்ல அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்தவர்களை 2 மணி, 3 மணி, 4 மணிக்கு ஒருமுறை என்று பிரித்துத் திருப்பிப் பார்த்தார்கள். புண் வந்ததில் பெரிய வித்தியாசமில்லை. நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைக்கும் இது பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், இரண்டு மணி என்பது வேதவாக்கு இல்லை, மெத்தையையும் ஆளையும் பார்த்து டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்டு முடிவு பண்ணலாம் என்று புரிகிறது. சாகப்போகிற ஒருவரை அவர் வேண்டாம் என்ற பிறகும் மணி தவறாமல் புரட்டுவது யாருடைய நிம்மதிக்காக என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

நான் அப்படி யோசித்து, அப்பாவின் தூக்கத்துக்காக அலாரத்தை அணைத்திருந்தால் அது ஒரு முடிவு. தவறாகப் போயிருந்தாலும் நேர்மையான முடிவு. தூக்கம் தாங்காமல் அணைத்தேன். அதைக்கூட மன்னிக்கலாம். உடம்பு மனுஷ உடம்புதானே? டிக் போட்டதுதான் வேறு. புண் யார் தவறும் இல்லாமல் வரலாம். பொய்யான டிக் அப்படித் தானாக வராது.

*

அப்பா பிறகு எழுந்தார். வாக்கர் வைத்து வாசல் வரை நடந்தார். இரண்டு வருஷம் இருந்தார். ஒருநாள் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்த ஒரு அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி யாரு பாத்துப்பா? எங்க மாமியா நாலு வருஷம் படுக்கைல இருந்தா. ஒரு கொப்புளம் வர விடலியே நான்!" என்றாள். நம் ஊரில் மருமகளுக்குக் கிடைக்கிற உச்சபட்ச சர்டிபிகேட் அதுதான். அந்த நாலு வருஷத்தில் அத்தையின் முதுகு என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

பிரேடன் தாளில் ஆறு கேள்விகள். ஆறும் படுத்திருப்பவரைப் பற்றியவை. ஏழாவதாக ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவரைத் திருப்பிப் போட யார் இருக்கிறார்கள்? அந்த ஆள் கடைசியாக எப்போது தூங்கினார்? வார்டில் ராத்திரி ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ், எத்தனை கட்டில்? வீட்டில் பார்த்துக்கொள்ள வருகிற ஆயாவுக்கு என்ன சம்பளம், வாரத்தில் ஒருநாள் லீவு உண்டா? ஆபத்து படுத்திருப்பவரின் தோலில் மட்டும் இல்லை. நிற்கிறவரின் களைப்பிலும் இருக்கிறது. முதல் ஆறில் ஒருவர் 13 வாங்கலாம். ஏழாவதில் நாம் எல்லோரும் சேர்ந்து எத்தனை வாங்குவோம் என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய ராத்திரி, அம்மாவிடம் சொன்னேன். அந்த வியாழக்கிழமை. மூன்று டிக்.

"தெரியும்டா" என்றாள்.

"எப்படி?"

"நான் பத்து மணிக்கு அவருக்கு முதுகுல ஒரு துண்டை மடிச்சு அண்டக் குடுத்திருந்தேன். காலைல வந்து பாத்தா, அந்த மடிப்பு அப்படியே இருந்துச்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவளே, "உனக்கும் தூக்கம் வரும்ல" என்றாள்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு, என் முறை ராத்திரிகளிலும் இரண்டு மணி வாக்கில் அம்மா எழுந்து வருவாள். தண்ணீர் குடிக்க என்பாள். கட்டில் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். வயதானால் அப்படித்தான், தூக்கம் கலைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். என் மூன்று டிக்குகளுக்கு அவள் ஆறு வாரத் தூக்கத்தை வட்டியாகக் கட்டியிருக்கிறாள்.

அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. போன மாதம் வேறு எதையோ தேடும்போது கையில் கிடைத்தது. அம்மா போட்ட டிக்குகள் ஒன்று போல ஒன்று இல்லை. ஒன்று நீல மை, ஒன்று பென்சில், ஒன்று கட்டத்தை விட்டு வெளியே ஓடியிருக்கிறது, ஒன்றில் எண்ணெய்க் கறை. அந்த வியாழக்கிழமை வரிசையில் மட்டும் மூன்று டிக்குகள், ஒரே மையில், ஒரே சாய்வில், அச்சடித்த மாதிரி அழகாக இருக்கின்றன.